பத்து நாற்பதுக்குப் பிறகு

பிப்ரவரி 6

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். நீ சிப் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "பாத்துக்கிட்டே இரு, ஒரு நாள் உன் கம்பெனி என் கம்பெனியைத் தேடிக்கிட்டு வரும்" என்றேன். நீ சிரித்தாய். நேற்று எங்கள் மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அறிவித்துவிட்டார். சிப்பும் சாப்ட்வேரும் உங்கள் பொறுப்பு. போர்டும் பெட்டியும் எங்கள் பொறுப்பு. இரண்டும் சேர்ந்து கப்பலுக்கும் படகுக்கும் புது மாதிரி ரேடியோ. அறிவிக்கும்போது என் பக்கம் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். என்னிடம் கலந்து பேசித்தான் முடிவெடுத்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

சோதனை அறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வதும் நான்தான். பழைய ரேடியோ ஒரே வேலைக்கென்று பிறந்தது, சாகும்வரை அதையே செய்யும். இந்தப் பெட்டி அப்படியில்லை. சாப்ட்வேரை மாற்றிவிட்டால் காலையில் துறைமுகம் பேசுவதைக் கேட்கும், மத்தியானம் விமானத்தைக் கேட்கும், சாயங்காலம் பாட்டு வைக்கும். ஒரே ஆள், மூன்று ஷிப்டு. இதை ஒரு பெரிய இன்ஜினியர் பின்னால் நின்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனார். எட்டாவது வரை படித்தவன் இப்படிச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்?

உங்களுக்கு மாதிரி போர்டுகள் அனுப்பும் பெட்டியைக் கட்டுபவனும் நானே. இந்தக் கடிதம் நுரைப்பஞ்சுக்கு அடியில் வரும். வாசலில் போனைப் பிடுங்கி வைக்கிற இடத்தில் காகிதத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. பதிலை அதே இடத்தில் வை.

என் இடது முழங்கால் சுகம். வலது தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. உன் இருமல் விட்டதா? உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். இருமல் பாதி போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் பெட்டி பிரிக்கும் பெண் கண்டுபிடித்து, ஏதோ பாகம் என்று நினைத்து எண் ஒட்டி என்னிடம் கொடுத்தாள்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நானே போய்ப் பெயர் கொடுத்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பி ஒல்லி போன அந்தச் சரக்குப் படகில் இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. படகு காணாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இப்போதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

அன்று உங்கள் சோதனை அறை ரேடியோவில் அவன் குரல் வந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். "அக்கா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லுங்க மாமா." நீங்கள் சொன்னது இவ்வளவுதானே? வேலையை விட்டுவிட்டுப் படகில் சேரப் போகிறேன் என்று அவன் வந்து நின்ற அன்று, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றேன். தம்பியிடம் நான் கடைசியாகப் பேசியது அது. நீங்கள் கொண்டுவந்த அந்த ஒரு வரி இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

அது எப்படி நடந்தது என்று ஒரு தடவை விவரமாக எழுதுங்கள் மாமா. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள். கட்சியைக் கலைத்துவிடலாம்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

நலம். நாடுவதும் அதுவே. எண்ணெய் போட்டேன். மூன்று படி தாவி ஏறினேன். அறையே கைதட்டியது.

நீ கேட்டதை எழுதுகிறேன். எங்கள் கம்பெனி தனியாகச் செய்த முதல் மாதிரிப் பெட்டியை அப்போது மூன்று நாள் ஓட்டத்தில் போட்டிருந்தோம். மூன்று நாள் நிறுத்தாமல் ஓட விட்டு, சூடு தாங்குகிறதா என்று பார்ப்பது. ஸ்பீக்கரில் கடல்காரர்கள் பேச்சு வந்துகொண்டே இருக்கும். என் கையில் டீ. மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். அப்போது வந்தது பார், அடுத்த அறையில் நின்று பேசுகிற மாதிரி. மாமா கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். "அக்கா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லுங்க மாமா." டீயைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கி, "சொல்றேன்டா, நீ தைரியமா இரு" என்றேன். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஜோக்குக்குக்கூடச் சிரிக்காத மனுஷன்.

உங்கள் சிப் ரொம்பச் சூடாகிறது என்று உங்கள் ஆட்களிடம் சொல். விரலை வைத்துப் பார்த்தேன், தோல் உரிந்தது. எங்கள் இன்ஜினியர் கருவி வைத்துப் பார்த்தும் அதையேதான் சொன்னார், அரைமணி நேரம் கழித்து.

உன் அம்மாவுக்கு இதைச் சத்தமாகப் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா


ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் விரல் எப்படி இருக்கிறது? சூட்டுக்கு அலுமினியத் தகடு வைக்கிறார்கள். உங்கள் விரலின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுத முடியவில்லை.

அம்மாவுக்குப் படித்தேன். இரண்டு தடவை. மைக் வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். முதல் பெட்டி கேட்க மட்டும் செய்தது, பேசாது என்று எங்கள் கையில் உள்ள வரைபடம் சொல்கிறது. முதல் தடவை நீங்கள் சொன்னபோது அறையில் தனியாக இருந்ததாகவும் சொன்னீர்கள். பரவாயில்லை மாமா, அந்த நேரத்தில் யாருக்கு எல்லாம் நினைவிருக்கும்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கூட்டத்தில் உங்கள் இன்ஜினியர் போகிற போக்கில் சொன்னார். அந்த மூன்று நாள் ஓட்டத்தில் பெட்டி ஸ்பீக்கரில் பேசியதோடு நிற்கவில்லையாம். ஆன்டெனா வழியாக உள்ளே வந்த அத்தனையையும் ஒரு டிஸ்கில் அப்படியே பதிந்து வைத்திருக்கிறதாம். நீங்கள் அப்போது கேட்ட அலைவரிசை மட்டுமில்லை, எல்லாமே. நம் புது சாப்ட்வேரில் அந்த டிஸ்கைப் போட்டால், அந்த நாளுக்கே போய் உட்கார்ந்து, இன்றைக்குத் திருகுவது போலத் திருகிக் கேட்கலாம். தேதியைப் பார்த்தேன். ஓட்டத்தின் இரண்டாம் நாள்தான் படகு காணாமல் போன நாள்.

தேதியை இன்னொரு தடவை சரிபார்த்தேன் மாமா. அவன் குரல் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. டிஸ்க் உங்கள் ஸ்டோரில்தான் இருக்கும் என்றார். அடுத்த பெட்டியில் அனுப்புங்கள். நீங்கள் கேட்டதை நானும் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 30

அன்பு மருமகளுக்கு,

நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் அலுமினியத் தகடு வந்தது, நான்தான் முதலில் திருகாணி போட்டேன். நாலு திருகாணியில் மூன்றாவது எப்போதும் மக்கர் பண்ணும், அதற்கொரு கைப்பக்குவம் வேண்டும். எங்கள் மேனேஜரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெண் குழந்தைதான் என்று நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். உன் பெரியப்பா வீட்டுக் கூரையில் குரங்கு ஓடு பிரித்ததாமே? அதையும் நான் சொல்லியிருந்தேன், யாரும் கேட்கவில்லை. இங்கே தண்ணீர்க் குழாய் ரிப்பேர். டீ மிஷின் ரிப்பேர். நான் மட்டும்தான் ரிப்பேர் ஆகாமல் இருக்கிறேன்.

டிஸ்க் விஷயம், ஸ்டோர்காரர் விடுமுறையில் இருக்கிறார். சாவி அவரிடம்.

உன் அம்மாவைக் காலையில் கொஞ்சம் நடக்கச் சொல்.

உன் மாமா


மே 16

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். ஸ்டோர்காரர் வந்துவிட்டாரா?

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் ஹெட்போனை வாங்கித் துணியால் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். எடுத்து மாட்டிப் பார்க்கிறாள். "இதுல மெதுவாப் பேசினாலும் கேக்குமாடி?" என்கிறாள்.

எவ்வளவு மெதுவாக இருந்தாலும் எடுத்துவிடலாம் மாமா. இரைச்சலை வடிகட்டுவதுதான் இங்கே என் வேலையே. அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 20

அன்பு மருமகளுக்கு,

உடம்பு சுமார். பதில் தாமதம், பெட்டிகள் நிறையப் போனதால் நேரமில்லை.

டிஸ்க் கிடைத்தது. ஆனால் மனதைத் தேற்றிக்கொள். ஸ்டோரில் மேல்தட்டிலிருந்து விழுந்து கிடந்தது. அந்த மூலையில் கூரை ஒழுகுகிறது, தண்ணீரும் பட்டிருக்கிறது. கையில் எடுத்து ஆட்டினேன், உள்ளே ஏதோ கடகடவென்றது. எங்கள் ஆட்கள் நாலு பேர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இனி அது பேசாது. இப்படி ஆகும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

எதற்கு டிஸ்க்? என் காது இருக்கிறதே. கேட்டவன் நான் உயிரோடு இருக்கிறேனே. உன் அம்மாவிடம் அந்த ஹெட்போனை வாங்கி உள்ளே வை. இந்த வருடம் நான் அங்கே வரும்போது நேரில் உட்கார்ந்து எல்லாம் சொல்கிறேன். அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறேன்.

உன் மாமா


ஜூலை 11

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்களுக்கு உடம்பு சுமார் என்று எழுதியிருந்தீர்கள். என்ன என்று எழுதவில்லை.

டிஸ்க் வந்துவிட்டது. பழைய சோதனைப் பதிவுகளை ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும் என்று இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். உங்கள் மேனேஜர் அனுப்பிவைத்தார். அந்தப் பெட்டியை வேறு யாரோ கட்டியிருந்தார்கள், முடிச்சு உங்களுடையது இல்லை. நீங்கள் பார்த்தது வேறு டிஸ்காக இருக்கும். இது நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

நாளைக்கு விடுமுறை. அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தனியாக உட்கார்ந்து கேட்கப் போகிறேன். முதலில் நான் மட்டும். பிறகு அம்மா.

ஒரே ஒரு உதவி. படகிலிருந்து துறைமுகத்துக்கு அரைகுறையாக ஒரு அழைப்பு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வந்தது என்று அன்றைக்கு அதிகாரிகள் சொன்னார்கள். உங்களோடு அவன் பேசியது அதற்கு முன்பா, பின்பா? தெரிந்தால் தேடச் சுலபம். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முழுதும் கேட்டுவிடுவேன்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 29

அன்பு மருமகளுக்கு,

சுகமா? இதுவரை உங்களிடமிருந்து மூன்று பெட்டிகள் வந்துவிட்டன. மூன்றிலும் நுரைப்பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பெட்டியில் துண்டு துண்டாகப் பிய்த்தும் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் மோதிரம் தொலைந்ததா என்று கேட்டார்.

அந்தப் பெட்டியில் புது சாப்ட்வேர் இருந்தது. கூடவே வந்த பட்டியலில் பதினான்காவது வரி: ஆன்டெனாவைக் கழற்றினால் ரேடியோப் பெட்டி விடாமல் கத்த வேண்டும்.

நேற்று இங்கே மழை. ஒரு இடி இடித்தது. என் கை தன்பாட்டுக்குப் போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டது. பெட்டி கத்த ஆரம்பித்தது. மூடியைப் போட்டேன். அப்போதும் கத்தியது. மாட்டிய பிறகுதான் நிறுத்தியது. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் இன்ஜினியர் சொன்னார்: "சிப் கம்பெனியில ஒரு மேடம் பிடிவாதமா இதைச் சேர்க்கச் சொன்னாங்களாம். இடிக்குப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கு, அப்புறம் எதுக்குன்னு கேட்டதுக்குக் காரணம் சொல்லலையாம்."

நானும் சிரித்தேன்.

உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் அம்மா நடக்கிறாளா? இரண்டு வரி எழுது.

மாமா


செப்டம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

டிஸ்கைக் கேட்டேன். நீங்கள் சொன்னபடியே இருந்தது. அதே வரி. அடுத்த அறையில் நின்று பேசுகிற மாதிரி. இனி அதைப் பற்றி நாம் பேச வேண்டாம் மாமா. நீங்கள் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது. அன்று காலை ஒன்பதேகாலுக்குப் படகிலிருந்து துறைமுகத்தோடு பேசுகிறார்கள். வானிலை எப்படி என்று படகுக்காரர் கேட்கிறார். பின்னால் எஞ்சின் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒல்லி கத்துகிறான்: "மழை வருமான்னு எங்க மாமாவைக் கேளுங்க. வந்து நின்னப்புறம் கரெக்டா சொல்லுவாரு." துறைமுகத்து ஆள் சிரிக்கிறார். அவனும் சிரிக்கிறான். பதினொரு வினாடி.

அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்துவிட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். மற்றது எனக்கென்று சொன்னது, நான் மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் வற்புறுத்தவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் ஆரம்பிக்கப் போகிறது.

உங்கள் மருமகள்


அக்டோபர் 3

அன்பு மருமகளுக்கு,

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன், கடைசியில் எழுத முடியுமோ என்னவோ. உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, அது எப்போதும் சும்மா சொல்வது.

ஒல்லி என்னைப் பற்றிச் சொன்னதை நூறு தடவை படித்துவிட்டேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு மழை வரும் என்றுகூட நான் சொல்லவில்லை. வந்த பிறகுதான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஆன்டெனாவையும் கழற்றினேன். முப்பது வருடப் பழக்கம் மருமகளே. பழைய செட்டுகளில் ஒரு இடி இறங்கினால் உள்ளே எல்லாம் கருகிவிடும். அதனால் வானம் உறுமினால் ஆன்டெனாவைக் கழற்று, மூடியைப் போடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஓட்டத்துக்குக் கழற்ற வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லித்தான் இருந்தார். எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். சோதனைப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: காலை பத்து நாற்பது, இடி, ஆன்டெனா கழற்றப்பட்டது. மறுநாள் காலையில்தான் மாட்டினேன். நடுவில் அந்தப் பெட்டி மூன்று ஷிப்டும் முழித்திருந்து எதையும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு அவன் கூப்பிட்டானா? எனக்குத் தெரியாது. மாமா கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தானா? அதுவும் தெரியாது. கேட்டிருந்தாலும் என்னால் பதில் சொல்ல முடிந்திருக்காது, மைக் இல்லை. ஆனால் நாலு பேருக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். நான் ஓடக்கூடியவன்தான்.

இதெல்லாம் உனக்கு ஜூலையிலேயே தெரியும். டிஸ்கில் பத்து நாற்பதுக்குக் கதவைச் சாத்தியது போல எல்லாம் நின்றுபோயிருக்கும், நீ பார்த்திருப்பாய். பதினான்காவது வரியைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உன் கடிதத்திலாவது திட்டு வரும் என்று காத்திருந்தேன். நீ என்னவென்றால், நீங்கள் சொன்னபடியே இருந்தது என்று எழுதுகிறாய். அடுத்த அறையில் நின்று பேசுகிற மாதிரி என்று என் வார்த்தையையே எடுத்துப் போட்டிருக்கிறாய். வேண்டாம். இந்த வீட்டில் கதை கட்டுவதற்கு நான் ஒருத்தன் போதும்.

டீ, மேனேஜர், மைக், அவர் கண்ணைத் துடைத்தது எல்லாம் நான் பிற்பாடு ஒட்டவைத்தது. அவற்றுக்காக நான் வெட்கப்படவில்லை, என் வாய் அப்படி. ஆனால் செய்தி வந்து மூன்றாம் நாள், நீ சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான்தான் போகச் சொன்னேன், நான்தான் போகச் சொன்னேன்" என்றுகொண்டிருந்தாய். தண்ணீர்கூட இறங்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பேச மட்டும்தான் தெரியும். பேசினேன். நீ தம்ளரை வாங்கிக் குடித்தாய்.

உன்மேல் கோபம் இல்லை என்று அவன் சொல்லி நான் கேட்கவில்லை, மருமகளே. அது நான் சொன்னது.

மாமா